முதலாளி ஊதிய குழாய்

அருப்புக்கோட்டையில் கல்யாண மண்டபம் வைத்திருந்த வெள்ளையப்பனுக்கு எதுவும் பெரிசாக இருக்கணும், மீசை உட்பட.

"ஏசி குழாய் ஏன் இவ்வளவு ஒல்லி? ரெண்டு மடங்கு பெரிசாப் போடு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

மெக்கானிக் பவுனுத்தாய், வளைந்த ஒல்லிக் குழாய்க்குள் ஒரு பொரியைப் போட்டு நிமிர்த்திப் பிடித்தாள். "ஊதுங்க முதலாளி."

பொரி பறந்தது. அதே பொரியை ஒரு பெரிய குழாயில் போட்டு, அவர் முகம் சிவக்க ஊதியும் அது ஏறவில்லை.

"குழாய்க்குள்ள ஓடுற கேஸும் இப்படித்தான், கூடவே வர்ற மெஷின் எண்ணெயைத் திரும்ப மாடியில இருக்கிற கம்ப்ரஸருக்கு ஏத்தணும். ஏறலேன்னா தாலி கட்டுற நேரத்துல மெஷின் நின்னுடும்."

"பார்க்கிறவங்க என்னைக் கஞ்சன்னு சொல்லுவாங்களே?"

"மேல சுத்துற கறுப்பு உறையை ரெண்டு மடங்கு போட்டுடறேன். உள்ளே எப்படியோ, வெளியே உங்க மீசை மாதிரி கம்பீரமா இருக்கும்."