மெழுகுக்கு எத்தனை மனு?

முன்னொரு காலத்தில், அதிலும் பல் கிட்டிக்கும் ஒரு குளிர்காலத்தில், மலைநாட்டு அரசர் ஒருவர் தம் பாதம் சூடாக இருக்கும் வரைதான் சபை நடத்துவார். கொதிநீரில் போட்டெடுத்த இரும்புக் கட்டியைக் கம்பளியில் சுற்றிக் காலடியில் வைப்பார்கள். பாதம் ஆறினால் சபை கலையும். இந்தச் சட்டத்தை எழுதியவர் அமைச்சர் திருவேகம்பர். மனுக்களை அடுக்கி வைப்பவரும் அவரே.

விகடகவி சித்தாண்டியின் மனு எப்போதும் அடியில் கிடக்கும். மூன்று மாத விடுப்புக் கேட்கும் மனு. எழுதி ஒன்பது வருடம் ஆகிறது. நாலாவது மனுவுக்கே இரும்பு ஆறிவிடும்.

ஒருநாள் அவன் சலித்துப்போய்ச் சொன்னான்: "அரசே, இரும்பை விடுங்கள். செம்பு நிறையத் தேன்மெழுகை உருக்கி வையுங்கள். சூடு அதிகம் பிடிக்கும்."

"இரும்பை விடவா?" திருவேகம்பர் சிரித்தார். "மன்னவா, இவர் அளந்து காட்டட்டும்."

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "கொஞ்சம், நிறைய என்று மழுப்பக் கூடாது, சித்தாண்டி. எண் வேண்டும். தவறினால் உன் மனுவைக் கணப்பில் போடுவேன்."

"சூட்டை எதால் அளப்பீர்? நாழியாலா, மரக்காலாலா?" என்றார் அமைச்சர்.

"மனுவால்," என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான் சித்தாண்டி.

மறுநாள் காலை இரும்பும் மெழுகுச் செம்பும் ஒரே எடையாக நிறுக்கப்பட்டு, ஒரே கொப்பரையில் கொதித்து வெளியே வந்தன. அரசரின் இடக்காலுக்கு இரும்பு, வலக்காலுக்கு மெழுகு. காணாமற்போன எருமை, வாய்க்கால் சண்டை என்று மனுக்கள் வாசிக்கப்பட்டன. நாலாவது முடிந்ததும் அரசர் எழுந்தார்.

"இடக்கால் ஜில்லென்கிறது. சபை கலையட்டும்."

"வலக்கால் என்ன சொல்கிறது, அரசே?"

"அது கதகதப்பாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் இடப்பக்கத்துச் சபை மட்டும் கலைந்தது. அமைச்சர் பெருமான் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். போய் வாருங்கள், ஐயா."

"என்னையா போகச் சொல்கிறீர்?"

"நானா சொன்னேன்? பாதம் ஆறினால் சபை கலையும் என்று நீங்கள் எழுதியது."

அரசர் உட்கார்ந்தார். அமைச்சர் போனார். வாசிப்பு தொடர்ந்தது. முப்பதாவது மனுவில் அரசர் வலக்காலை லேசாக அசைத்தார். ஆனால் எழவில்லை. முப்பத்தொன்றாவது சித்தாண்டியுடையது. அது வாசித்து முடித்த பிறகுதான் கால் ஆறியது.

"இரும்பு நான்கு மனு. மெழுகு முப்பத்தொரு மனு," என்றான்.

"எப்படியப்பா?"

"இரும்பு வெறுமனே ஆறுகிறது. மெழுகு, உருகும்போது வாங்கிய சூட்டை உறையும்போது திருப்பித் தருகிறது. முழுக்க உறையும் வரை சூடு இறங்காது."

"சரி, விடுப்பில் எங்கே போகப் போகிறாய்?"

"எங்கும் இல்லை. படுத்துத் தூங்க வேண்டும், அரசே. உங்களைச் சிரிக்கவைத்தே அலுத்துவிட்டது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது விகடம் இல்லை, அரசே."

அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்தபடியே மூன்று மாதத்தை ஆறாக்கினார். வீடு வரை பல்லக்கும் கொடுத்தார். வாசலில் இறக்கியபோது சித்தாண்டியை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. பல்லக்கோடு உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள்.