ரப்பர் பேண்டு போட்ட நூல் பிடி

முதலில் தப்புச் செய்தவன் ஞானமுத்து. இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஊட்டிக்கு மேலே ஓர் ஏரியில், மூன்று கிலோ டிரவுட் மீன் ஒன்று சூசையின் தூண்டிலில் மாட்டியது. முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியவர் சூசை. ஞானமுத்து கூட நின்று வலையில் ஏந்தினான், அவ்வளவுதான். படம் எடுக்கிற நேரத்தில், "இதைக் கொஞ்சம் பிடி" என்று வலையைச் சூசையிடம் தள்ளிவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டான். அந்தப் படம் இன்றும் மீன்பிடிச் சங்கத்தின் சுவரில் தொங்குகிறது. கீழே ஞானமுத்துவின் பெயர். ஓரத்தில் சூசை, வலையோடு.

"அது சூசை பிடிச்ச மீன்." இந்த ஒரு வார்த்தையைத்தான் சூசை கேட்டார். அவன் சொல்லவில்லை. அன்றோடு சூசை அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அறுபத்தாறு வயதில் அவர் பொய் ஈ கட்டக் கற்க வந்தார். தூண்டில் முள்ளில் இறகை வைத்து, நூலால் சுற்றிச் சுற்றி, மீன் ஏமாறும்படி ஓர் ஈயைச் செய்கிற வேலை. கற்றுக்கொடுத்தவர் கம்பளிக் கடை செலின். சூசையைவிட இருபத்தைந்து வயது இளையவர்; அந்த மீன் கதையைச் சூசை வாயாலேயே கேட்டிருந்தவர். ஆனாலும் சூசை அவரை டீச்சர் என்றே அழைத்தார்.

முதல் நாள் செலின் ஐந்து நூல் பிடிகளை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழல், அதிலிருந்து பின்னால் நீளும் இரண்டு கம்பிக் கைகள். கைகளுக்கு நடுவில் நூல் உருளை உட்காரும். நூல் குழல் வழியே வெளியே வரும்.

"ஒண்ணு எடுங்கண்ணே."

சூசை ஐந்தையும் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே விறைப்பான ஒன்றை எடுத்தார்.

"ஏன் இது?"

"பிடிச்சா உடும்பு மாதிரி பிடிக்கணும், டீச்சர்."

"குழல் வாயை நகத்தால தடவிப் பாருங்க."

"வழுவழுன்னு இருக்கு."

"அப்ப எடுத்துக்கோங்க. வாய் சொரசொரன்னு இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. பிடியைப் பின்னால பார்த்துக்கலாம்."

மூன்றாவது சுற்றிலேயே நூல் அறுந்தது.

"நூல் மட்டம்" என்றார் சூசை.

செலின் வேறு நூல் கொடுத்தார். அதுவும் அறுந்தது.

"இதுவும் மட்டம்."

செலின் அறுந்த துண்டுகளை மேசையிலிருந்து தட்டிவிட்டார்.

அடுத்த வாரம் சூசை வந்தபோது, நூல் பிடியின் இரண்டு கைகளையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"வீட்ல கொறடு வச்சுக் கொஞ்சம் விரிச்சேன். தொளதொளன்னு ஆயிடுச்சு. உருளை கழண்டு கட்டிலுக்கு அடியில ஓடிடுச்சு. அதான் ஒரு கட்டுப் போட்டேன்."

"இப்ப?"

"இப்ப மறுபடியும் அறுக்குது."

செலின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சூசை நூலைச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே சொன்னார்:

"காலைல ஞானமுத்து பொண்டாட்டி வந்திருந்தா. அவனுக்குக் கை நடுக்கமாம். திங்கக்கிழமை பையன் கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போறானாம். அதுக்குள்ள ஒரு தடவை ஏரிக்குப் போகணுமாம். வலை பிடிக்க நான் வரணுமாம். மறுபடியும் வலை! ஊர்ல வேற ஆளே இல்லையா?"

நூல் அறுந்தது.

செலின் கையை நீட்டினார். ரப்பர் பேண்டை உருவினார். உருளையை எடுத்து வைத்துவிட்டு, ஒரு கம்பிக் கையை மட்டும் கட்டைவிரலால் கொஞ்சம் உள்ளே வளைத்தார். உருளையைத் திரும்ப மாட்டி, நூலை முள்ளில் ஐந்து சுற்றுச் சுற்றிக் கையை எடுத்துவிட்டார். நூல் பிடி முள்ளிலிருந்து தொங்கியது.

"விழுதா?"

"விழல."

"மெதுவாக் கீழே இழுங்க."

சூசை இரண்டு விரலால் இழுத்தார். உருளை சுழன்றது, நூல் வந்தது. இழுப்பதை நிறுத்தினார். உருளையும் நின்றது.

"எவ்வளவு பிடி வேணும்னு எப்படித் தெரியும், டீச்சர்?"

"நூல் அறுறதுக்கு ஒரு இம்மி முன்னாடி உருளை சுத்தணும்."

சூசை இன்னொரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"நான் போனா, அவன் செஞ்சது சரின்னு ஆயிடாதா?"

செலின் தொங்குகிற நூல் பிடியைக் காட்டினார்.

"அது உருளையை விட்டுடுச்சா?"

"இல்ல."

"கட்டுங்க."

அன்று சூசை முதன்முதலாக ஒரு ஈயை முழுசாகக் கட்டி முடித்தார். கொஞ்சம் கோணல். ஒரு பக்கத்து இறகு தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாருக்கென்று செலின் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தார். உட்கார்ந்ததும் நூல் பிடியைக் கையில் எடுத்தார்.

"மீன் மாட்டுச்சா?" என்றார் செலின்.

"ஒண்ணு. சாண் நீளம். என் கோணல் ஈயைத்தான் கடிச்சுது. கை அப்படி நடுங்குது அவனுக்கு. பின்னாடி நின்னு முழங்கையைத் தாங்கிக்கிட்டேன்."

"வலை?"

"நாந்தான் ஏந்தினேன். வேற யாரு இருக்கா?"

"அந்த வார்த்தை?"

சூசை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"சொல்லுவான்னு வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். 'குளிருதுடா சூசை, மப்ளர் இருக்கா'ங்கிறான். குடுத்தேன். அதையும் கழுத்துல சுத்திக்கிட்டுக் கோயமுத்தூர் போயிட்டான்."

செலின் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க டீச்சர். மாசம் ஒரு தடவை பையன் கூட்டிட்டு வருவானாம். அப்பவும் நான் வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"போவீங்களா?"

"போகாம? அந்த வார்த்தையை வாங்காம விட்டுடுவேனா நான்? மப்ளர் வேற பாக்கி இருக்கு."

பேச்சு முழுவதும் அவர் விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நூல் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

செலின் எட்டி, அவர் நூல் பிடியை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். உருளை கொஞ்சம் சுழன்று நின்றது.

"இப்ப சரியா இருக்குண்ணே" என்றார்.