கோரனின் கிழிந்த காது

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, தலைவர் தேர்தல் வந்தது. கோரன் என்ற காட்டுப்பன்றியும் ஒரு நரியும் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு நெல்லிக்காய்தான் வாக்கு. இரண்டு குழிகள் இருக்கும். பிடித்தவரின் குழியில் காயைப் போட வேண்டும்.

சருகி என்ற முயலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவளுடைய வளை ஓடைக்கரையில் இருந்தது. உள்ளே நான்கு குட்டிகள். மேலே குளத்தின் கரை விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன் அதை அடைக்காவிட்டால் வளை மூழ்கிவிடும். புதுத் தலைவர்தான் ஆள் திரட்டி அடைக்க வேண்டும்.

கோரன் பிரச்சாரத்துக்கு வந்தான். கிழிந்த இடது காதை ஆட்டிக் காட்டினான்.

"செந்நாய்ப் போரில் உங்களுக்காகக் கிழிந்த காது! மறந்துவிடாதீர்கள்!"

"நின்று மோதியவனுக்கு மூக்கல்லவா கிழிந்திருக்கும்? காது கிழிந்தால் ஓடியவன் என்று அர்த்தம்!" என்றது நரி.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. காலையில் கிளி ஆலமரத்தில் உட்கார்ந்து, "நின்றார், கடிபட்டார்!" என்று செய்தி சொன்னது. மாலையில் மைனா, "ஓடினார், முள் கிழித்தது!" என்றது. மரங்கொத்தி காதை அளந்து பார்த்து, "பல் தடம் போலவும் இருக்கிறது, முள் தடம் போலவும் இருக்கிறது" என்று கருத்துச் சொல்லிவிட்டுப் பறந்தது.

சருகிக்குத் தலை சுற்றியது. செந்நாய்ப் போர் நடந்த அன்று புதருக்குள் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். கோரன் முதலில் ஓடத்தான் செய்தான். ஒரு மான்குட்டி கதறியது. உடனே திரும்பி வந்தான். அப்போதுதான் செந்நாய் காதைக் கவ்வியது.

அதைக் கிளியிடம் போய்ச் சொன்னாள்.

"திரும்பி வந்தார், அது போதும் அக்கா. ஓடியதை விடுங்கள்."

மைனாவிடம் சொன்னாள்.

"ஓடினாரா? அதுதான் வேண்டும் அக்கா. திரும்பியதெல்லாம் எதற்கு?"

மறுநாள் இரண்டும், "கண்ணால் கண்ட சருகியே சொல்லிவிட்டாள்!" என்று ஆளுக்கொரு பாதியைக் கூவின. பாதிக் காடு அவளைப் புகழ்ந்தது, பாதிக் காடு திட்டியது. கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம். ஓடினானா, வந்தானா? அன்று புதரில் இருந்தது நான்தானா?

கோரனையே தேடிப் போனாள். "அண்ணே, குளக்கரை விரிசலை எப்போது அடைப்பீர்கள்?"

"விரிசல் கிடக்கட்டும் தங்கச்சி. நான் முன்னால் நின்றதைப் பார்த்தாய் அல்லவா?"

நரியிடம் கேட்டாள். அது காதோரம் குனிந்து, "அவன் எவ்வளவு தூரம் ஓடினான், அதைச் சொல்" என்றது.

வாக்களிக்கும் நாளில் சருகி இரண்டு குழிகளுக்கும் நடுவே நின்றாள். யோசித்தாள், யோசித்தாள். குழம்பினால் முயலுக்கு எதையாவது கொறிக்காமல் இருக்க முடியுமா? குனிந்து பார்த்தபோது கையில் கொட்டைதான் மிஞ்சியிருந்தது.

"கொட்டை செல்லாது, போம்மா" என்றது காவலுக்கு நின்ற ஆமை.

கோரன் ஜெயித்தான். காதால் ஜெயித்தானா, காது கிழிந்திருந்தும் ஜெயித்தானா என்று கிளியும் மைனாவும் மூன்று நாள் விவாதம் நடத்தின. நான்காம் நாள் மழை கொட்டியது. குளக்கரை உடைந்தது.

சருகி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விப் பாறைக்கு ஏற்றினாள். நான்காவது குட்டிக்காகத் திரும்பினால், வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அவள் அலறினாள்.

மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்த கோரன் அந்த அலறலைக் கேட்டு நின்றான். திரும்பி வந்தான். வெள்ளத்தில் குதித்துக் குட்டியைக் கவ்விக்கொண்டு கரையேறினான். குட்டிக்கு மூச்சு இருந்தது.

"திரும்பி வந்தார்!" என்று கத்தியது கிளி.

"முதலில் ஓடினார்!" என்று கத்தியது மைனா.

நன்றி சொல்வதா, திட்டுவதா என்று சருகிக்குத் தெரியவில்லை. நனைந்த குட்டியை நக்கியபடி சொன்னாள்:

"கரையை அடைத்திருந்தால் நீங்கள் ஓடவும் வேண்டாம், திரும்பி வரவும் வேண்டாமே, அண்ணே."

நீதி: அன்று என்ன நடந்தது என்பதையே பேசிக்கொண்டிருந்தால், இன்று செய்ய வேண்டியது செய்யப்படாமலே போகும்.