மிதந்தது பூனைக்கு, முழுகியது கோழிக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கோழி அடைகிடக்கிற கதை இது. சத்தம் போட்டால் எழுந்து ஓடிவிடும்.

ஒரு குளத்தங்கரை. கரையை ஒட்டி ஒரு வீடு. வீட்டுக்குள்ளே ஒரு பூனை, வெளியே ஒரு கோழி. கோழியின் பேர் புள்ளி. குளத்தில் ஒரு வாத்து இருந்தது. அது யார் வம்புக்கும் போகாது; ஆனால் எல்லார் வம்பையும் காது கொடுத்துக் கேட்கும்.

பூனைக்கு வாசம் அடுப்படியில். அதனால் வாய் அதிகம். கொல்லையில் யார் எதைப் பேசினாலும், “உங்களுக்கு என்ன தெரியும்? நான் சமையல்கட்டுக்காரி!” என்று வாலைத் தூக்கும். ஓரிடத்துக்கு மட்டும் அது எட்டிப் பார்க்காது. பாத்திரம் கழுவுகிற கல் இருக்குமே, அந்தப் பக்கம். அங்கே தண்ணீர் தெறிக்கும்.

புள்ளிக்கோ பிழைப்பே அந்தக் கல்லடியில்தான். சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டே வீட்டுக்காரி செங்கமலம் செய்வதையெல்லாம் பார்த்திருக்கும்.

போன தடவை புள்ளி இட்ட முட்டையெல்லாம் குழம்புக்குப் போய்விட்டது. குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே இந்தத் தடவை குளத்தோரம் கிடந்த காய்ந்த தென்னோலைக் குவியலுக்குள் திருட்டுத்தனமாகக் கூடு பிடித்தது. அங்கே எந்தக் கோழியோ எப்போதோ இட்டுவிட்டுப் போன முட்டைகள் சில கிடந்தன. ‘யார் இட்டால் என்ன, சேர்த்தே அணைப்போம்’ என்று புள்ளி தன் முட்டைகளையும் அங்கேயே இட்டு, அடையும் உட்கார்ந்துவிட்டது. அலகால் புரட்டும்போது மட்டும் மனசுக்குள் ஒரு நெருடல். எல்லாம் ஒரே நிறம்தான். ஆனால் சிலது பஞ்சு போல இலேசாக உருண்டது.

ஒரு நாள் காலையில் ஓலை சரசரத்தது. பூனை தலையை நீட்டியது.

“அடியே புள்ளி! உள்ளே என்னடி புதையல்?”

“ஒண்ணுமில்லை மதினி. உடம்பு சுகமில்லை, படுத்திருக்கேன்.”

“எங்கே, தள்ளிப் படு, பார்ப்போம்!”

புள்ளி அசையவில்லை. ஆனால் இறகுக்கு வெளியே ஒரு முட்டை எட்டிப் பார்த்தது.

பூனை நாக்கைச் சுழற்றியது. “எனக்குப் பங்கு வேணும். மாட்டேன்னா, புதர்க் கீரி காதிலே ஒரு வார்த்தை போட்டுருவேன். அது பங்கு கேக்காது. மொத்தமாக் கேக்கும். உன்னையும் சேர்த்துக் கேக்கும்!”

ஓடினால் முட்டை போகும். கொத்தினால் கீரி வரும். பஞ்சு போல உருண்ட முட்டைகள் நினைவுக்கு வந்தன. கழுவுகிற கல்லடியில் செங்கமலம் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் நினைவுக்கு வந்தது.

“பங்குதானே மதினி, தாராளமா! ஆனா நான் பிரிச்சா குறைச்சிட்டேன்னு சொல்வீங்க. தண்ணீர் பிரிக்கட்டும். மிதக்கிறது ஒரு பங்கு, முழுகுறது ஒரு பங்கு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. சமையல்கட்டுக்காரி நீங்க. எனக்கு என்ன தெரியும்?”

சொல்லிவிட்டுப் புள்ளி பூனையின் வாயையே பார்த்தது. பூனை வாய் மாறிச் சொன்னால் குலமே போச்சு.

பூனை கண்ணை மூடி யோசித்தது. “பாலிலே ஏடு எங்கே நிக்குது? மேலே! மோரிலே வெண்ணெய்? மேலே! கறிக்குழம்பிலே நெய்? அதுவும் மேலே! அடியிலே கிடக்கிறது கசடு. மிதக்கிறதெல்லாம் எனக்கு!”

“ஐயோ மதினி! அப்போ எனக்குக் கசடா?”

“உன் தலையெழுத்துடி!”

“சரி. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு அடுப்பு மேலே சத்தியம் பண்ணுங்க.”

பூனை சத்தியம் பண்ணியது. கரையோரம் கணுக்கால் தண்ணீர் நின்ற குழி ஒன்று இருந்தது. புள்ளி ஒவ்வொன்றாக உருட்டியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வாத்து வந்து மெல்ல உள்ளே இறக்கியது.

பஞ்சு முட்டைகள் பொசுக்கென்று மேலே வந்து மிதந்தன. பூனைக்கு வாயெல்லாம் எச்சில். மற்றவை அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்று மட்டும் படுக்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. கூர்முனையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றது. அது புள்ளி முதன்முதலில் இட்ட முட்டை.

“அதுவும் எனக்குத்தான்!”

“தொடாதீங்க!” புள்ளியின் கழுத்து மயிர் சிலிர்த்தது. “அது நிக்குது. மிதக்கலை!”

வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தது. “கால் தரையிலே இருக்கு மதினி. தரையைத் தொட்டவன் தரைக்காரன்.”

“போகட்டும், நீயே வச்சுக்கோ! உன் மூஞ்சிக்கு அது போதும்.”

வாத்து கரைக்குத் தள்ளிவிட, பூனை தன் பங்கை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் அடுப்படிப் பரணில் சேர்த்தது. கடைசியை வைத்ததும், சாவகாசமாக உட்கார்ந்து ஒரு முட்டையை நறுக்கென்று கடித்தது.

டப்!

ஒன்று வெடித்த வேகத்தில் பூனை துள்ள, மற்றவையும் உருண்டு விழுந்து உடைந்தன. மூஞ்சி, மீசை, பரண், கீழே உலை வைத்த சோறு, எல்லாம் கூமுட்டை நாற்றம்! செங்கமலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “சனியனே! இனிமே இந்தப் படி ஏறிப் பாரு!” என்று விளக்குமாற்றால் ஒரு சாத்து சாத்தி, ஒரு குடம் தண்ணீரையும் அதன் தலையில் கொட்டினாள்.

அடுப்பே போன பிறகு அடுப்பு மேல் பண்ணிய சத்தியம் எதற்கு? பூனை நேரே கீரியிடம் ஓடியது.

“கீரியண்ணே! ஓலைக்குள்ளே முட்டை! புள்ளியோட முட்டை!”

“எட்ட நில்லு!” கீரி பின்வாங்கியது. “அந்த முட்டையைத்தானே தின்னுட்டு வர்றே? உன் வாய் வீசுறதே சொல்லுது. எனக்கு வேண்டாம்டியம்மா!”

ஓலைக்குள் இருந்த புள்ளிக்கு அது தெளிவாகக் கேட்டது. ஈர முட்டைகளை நெஞ்சு மயிரால் ஒற்றி, நின்ற முட்டையை நடுவில் தள்ளி அணைத்துக்கொண்டது.

நாள் வந்தது, ஓடுகள் விரிந்தன. நின்ற முட்டைக்குள்ளிருந்தும் ஒன்று, எல்லாருக்கும் கடைசியாக, ‘கீச்’ என்றது.

குஞ்சுகளோடு புள்ளி கழுவுகிற கல்லடிக்கு வந்தபோது, பூனை மதில் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

“அடியே, மிதக்கிறது கெட்டதுன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?”

“நீங்கதானே மதினி ஏடுன்னு சொன்னீங்க!” என்றது புள்ளி.

பால் சட்டியில் கற்றதை முட்டைக் கூட்டில் அளந்து, அதோடு பேராசையும் பட்டால், தின்ன வாயே நாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்; புள்ளி கல்லடியில் கிடந்த பருக்கையைக் கொத்திக் கடைசிக் குஞ்சின் முன்னால் போட்டது.