தூங்குகிறவரின் தட்டு

நடைச்சாமியாரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், முதலில் அவர் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறார் என்று நாலு பேரிடம் கேட்டாக வேண்டும். எங்கேயும் இரண்டு நாளுக்கு மேல் தங்க மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஒரு வேளை. அந்த வீட்டில் அன்று என்ன ஆக்கியிருக்கிறார்களோ அதுதான். பதினோரு வருடமாக இப்படியே நடந்துகொண்டிருக்கிறார். இவ்வளவுக்கும் தாடி நரைத்த கிழவர் ஒன்றும் இல்லை. வயது முப்பத்தைந்தைக்கூடத் தொடவில்லை.

சுகந்திக்கு நாற்பத்து மூன்று. அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் அவரைக் கண்டுபிடித்தபோது, நம்மைவிடச் சின்னவரிடமா யோசனை கேட்பது என்று ஒரு கணம் தயங்கினாள். ஆனால் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கூப்பிடு தூரம் போவதற்குள் மூச்சு வாங்கியது. தயக்கம் அத்தோடு போயிற்று.

"சாமி, கொஞ்சம் நில்லுங்க. நான் மெட்ராஸ்லேர்ந்து வர்றேன். விமானத்துல வேலை. பணிப்பெண்களுக்கு மேற்பார்வை."

"சொல்லுங்கம்மா."

"ஒருநாள் துபாய், ஒருநாள் சிங்கப்பூர், ஒருநாள் எங்கன்னு எனக்கே தெரியாது. பத்தொன்பது வருஷம். எனக்கும் உங்களை மாதிரிதான், ஊரும் நிலையில்லை, சாப்பாடும் நிலையில்லை. ஆனா நீங்க இப்படி இருக்கீங்க. நான் இப்படி இருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் மீதியையும் சொன்னாள். இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, எடையும் ஏறிவிட்டது. மாத்திரை எழுதுகிற அளவுக்குப் போகவில்லை, அதற்கு முந்தின படி. மருத்துவர் மூன்று மாதத்துக்கு விமானத்தில் ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார். மறுபடி சோதிக்கும்போதும் இப்படியே இருந்தால், அப்புறம் ஆயுசுக்கும் அலுவலகத்தில் ஒரு மேசைதான்.

"மூணு மாசத்துல ஒண்ணு போயிடுச்சு சாமி. அரைக் கிலோகூட இறங்கல. பறக்கறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. நான் என்ன சாப்பிடணும்? நீங்க சொல்லுங்க."

"யாரும் சொல்லலையா?"

அவள் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக் கொடுத்தாள். மூன்றும் மூன்று உணவு நிபுணர்கள் எழுதிக் கொடுத்தவை. அவர் வெயிலில் நின்றபடி மூன்றையும் எழுத்து விடாமல் படித்தார்.

"எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்காங்க?"

"சரிதான் சாமி. ஆனா..."

அவள் தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"நாலு நாள் கூட நடங்க" என்றார் அவர்.

முதல் நாள் வீட்டில் கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் கிடைத்தன. சுகந்திக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று தாள்களிலும் இருக்கிற சமாச்சாரம் இது. சாமியார் ஓர் உருண்டை களி வாங்கிக்கொண்டார், இவளும் அதே அளவு வாங்கிக்கொண்டாள். இரகசியம் கையில் சிக்கிவிட்டது என்றே நினைத்தாள்.

இரண்டாம் நாள் சிக்கியது நழுவிவிட்டது. அன்றைக்கு அவர் போய் நின்றது ஒரு பரோட்டாக் கடைக்காரர் வீட்டு வாசல். கடைக்காரரின் மனைவி சூடாக நாலு பரோட்டாவும் கிண்ணம் நிறையக் குருமாவும் கொண்டுவந்து வைத்தார். சாமியார் கொஞ்சமும் யோசிக்காமல் பிய்த்துப் பிய்த்துக் குருமாவில் தோய்த்து, மெதுவாக மென்று சாப்பிட்டார். இரண்டரை பரோட்டா ஆனதும் போதும் என்று கையை எடுத்துக்கொண்டார்.

"சாமி, அது மைதா" என்றாள் சுகந்தி, தணிந்த குரலில்.

"ஆமாம்மா. நல்லா அடிச்சிருக்காங்க."

அவள் அதைத் தொடவில்லை. பையிலிருந்த ஓட்ஸ் பிஸ்கட்டில் ஆறை எடுத்து நின்றபடியே மென்றாள். நாகுடி என்ற ஊரைத் தாண்டியதும் இன்னும் நாலு.

மூன்றாம் நாள் நடந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று ஒரு வீட்டில் புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் ஓடிவந்து சாமியாரின் கையைப் பிடித்து அழைத்துப்போய், தலைவாழை இலை போட்டு உட்காரச் சொன்னார். சாமியார் இலையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார்.

"இன்னிக்கு வேணாங்கய்யா."

வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சாமிக்கு எங்க மேல ஏதும் குறையா?"

"ஒரு குறையும் இல்லைங்க. வீடு நல்லா இருக்கு, மனுசங்களும் நல்லா இருக்காங்க. ஒரு செம்பு தண்ணி குடுங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அந்த இலையில் சுகந்தி உட்கார்ந்தாள். அவர் மறுத்ததையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டியது தங்கள் கடமை என்பதுபோல அந்த வீட்டார் பரிமாறினார்கள். வடை இரண்டு, பாயசம் இரண்டு முறை. அடுத்த ஊர் ஒன்பது மைல் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், இனி எப்போது கிடைக்குமோ என்று அவள் இன்னொரு கரண்டி சோறும் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஒன்பது மைலும் அவளுக்கு நரகமாக இருந்தது. பாதி வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு கனத்தது. அதைவிடக் கோபம் கனத்தது.

"சாமி, எனக்கு ஒண்ணும் புரியல. நேத்து பரோட்டாவைச் சாப்பிட்டீங்க. இன்னிக்கு விருந்தை வேண்டாம்னுட்டீங்க. இதுல என்ன முறை இருக்கு?"

"நேத்து பசிச்சுது. இன்னிக்குப் பசிக்கலை."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இவ்வளவுதானா? இதுக்குத்தான் மூணு நாள் நடந்தேனா? இதை எங்க வீட்டுக் குழந்தை சொல்லும்."

"சொல்லும்" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அவள் எழுந்து நாலடி நடந்தாள். திரும்பி வந்தாள். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"பசிக்குதுன்னு எப்படித் தெரியும் சாமி?"

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள். சாமியார் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குக் கடைசியா எப்பம்மா பசிச்சுது?"

அவள் யோசித்தாள். போன வாரத்தை, போன வருடத்தை, அதற்கும் முந்தினதை எல்லாம் துழாவிப் பார்த்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு சீனியர் அக்கா சொன்னாங்க சாமி. கிடைக்கும்போது சாப்பிட்டுரு, அப்புறம் கிடைக்காதுன்னு. அன்னிக்கு ஆரம்பிச்சது. விமானத்துல திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். பாதியில பெல் அடிக்கும், மென்னும் மெல்லாம விழுங்கிட்டு ஓடுவேன். இறங்கினதும் மிஞ்சின தட்டையெல்லாம் குப்பையில போட்டுருவாங்க, பிரிக்காத தட்டைக்கூட. பார்க்க மனசு கேக்காது. ஒண்ணைப் பிரிச்சுச் சாப்பிட்டுருவேன். வெளிநாட்டு ஓட்டல்ல காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு. எனக்கு அது நடுச்சாமம். ஆனாலும் போவேன், விட்டுட்டா பகல் பூரா பட்டினின்னு. சாயங்காலம் நம்மூர் நேரத்துக்கும் ஒரு தடவை."

"அப்புறம்?"

"அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா யாரும் இருக்க மாட்டாங்க. வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லக்கூட ஆள் கிடையாது. ஏதாவது பிரிச்சுச் சாப்பிட்டாத்தான் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்."

அவள் குரல் உடைந்தது. அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை சாமியார் உட்கார்ந்திருந்தார்.

"பசிச்ச நாள் ஞாபகமே வரலை சாமி" என்றாள்.

நான்காம் நாள் காலையில் அவள் எதையும் தொடவில்லை. தொடாதே என்று அவர் சொல்லவில்லை, அவளுக்கே பயமாக இருந்தது. உச்சிவேளையில் பொன்னழகு என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். சோறு, மொச்சைக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். பொன்னழகுக்கு வயலில் களையெடுப்பு.

"சாமி, எல்லாம் மூடி வச்சிருக்கேன். அக்கா, நீங்களே போட்டுக் குடுங்க. பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுப் போனாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கொல்லையில் தகரக் கொட்டகை நிழலில் சாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்குச் சாப்பாடு கொண்டு வாங்க. விமானத்துல எப்படிக் கொண்டு வருவீங்களோ, அதே மாதிரி."

விளையாடுகிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டாள், துப்பட்டாவை ஒழுங்காக மடித்துப் போட்டாள். தட்டில் சோறும் குழம்பும் பொரியலும் தனித்தனியாக வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதுகு தானாக நிமிர்ந்தது. வேலை திரும்பக் கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

கொல்லைக்கு வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

நின்றாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டாள். தட்டைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய் இன்னொரு தட்டால் மூடிவைத்தாள். திரும்பி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா எழுப்பலை?"

"தூங்குறவங்களை எழுப்பக் கூடாது சாமி. எங்களுக்கு அது சட்டம் மாதிரி."

"சாப்பாடு ஆறிடுமே?"

"ஆறினா சூடு பண்ணிக்கலாம். எழுந்ததும் கூப்பிடுங்கன்னு எழுதின ஒரு துண்டுத் தாளை முன் இருக்கையோட முதுகுல ஒட்டிட்டுப் போயிருவோம். அவங்களே கேப்பாங்க."

"கேக்கலைன்னா?"

"அவங்களுக்குத் தேவைப்படலைன்னு அர்த்தம்."

"இறங்கப்போற நேரத்துல கேட்டா?"

"எல்லாத்தையும் பூட்டியிருப்போம், குடுக்க முடியாது. இதோ இறங்கிடுவோம், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லுவோம்."

"அப்படிப் பொறுத்துக்கிட்டு யாருக்காவது உசிரு போயிருக்கா?"

"சிலர் கோவிப்பாங்க. அதுக்கு மேல ஒண்ணும் ஆனதில்லை."

"தூங்குறவரை எழுப்பி, மூணு தட்டை வாயில திணிச்சா?"

சுகந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சாமி இப்படிக் கேக்கறீங்க? மனுசன் செய்யற வேலையா அது?"

சாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். வாய் பாதியில் நின்றது. அவளுடைய வலது கை மெல்ல இறங்கி வயிற்றின் மேல் படிந்தது.

"பத்தொன்பது வருஷமா இதைத்தான் பண்ணியிருக்கேன்" என்றாள்.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எனக்குப் பசிக்குதும்மா" என்றார். அவள் தட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். எதிரே தனக்கும் ஒரு தட்டு போட்டு வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"நான் சாப்பிடலாமா சாமி?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

அவள் தன் வயிற்றைக் கவனித்துப் பார்த்துவிட்டுத் தட்டை மூடினாள்.

"இதைக் கத்துக்கிட்டா மறுபடி பறக்க விடுவாங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளுக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் கை பையின் ஜிப்புக்குப் போனது. பிஸ்கட் பொட்டலத்தைத் தொட்டதும் நின்றது. இது பசியில்லை. பயம். பயத்தின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். விமானம் குலுங்கும்போது அதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். கையை எடுத்துக்கொண்டாள்.

சாமியார் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவினார். நிழல் கொட்டகையைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போயிற்று. களையெடுக்கிறவர்களின் பேச்சுச் சத்தம் வயல் பக்கமிருந்து வந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். அவரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

அப்போது அடிவயிற்றில் ஏதோ லேசாகச் சுண்டியது. வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது, இந்த முறை கொஞ்சம் பலமாக. வாயில் நீர் ஊறியது. மூடிய தட்டுக்குள்ளிருந்து மொச்சையின் வாசனை, இத்தனை நேரம் எங்கே இருந்ததென்று தெரியவில்லை, இப்போது மூக்கைத் தேடி வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும்போது இருந்த அதே இழுப்பு. அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சாமி" என்றாள். "பசிக்குது."

அவர் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க பயணி எழுந்தாச்சா? முதல்ல அவருக்குத் தண்ணி குடுங்க. அப்புறம், என்ன வேணும்னு மரியாதையாக் கேளுங்க."