பின்வாசல் சாத்தாத வீட்டில் மூன்று குட்டிகள்

"இந்த வீட்டுப் பூனைக்கு வீடு எங்கே முடியுதுன்னே தெரியாது, அதனாலதான் அது..." என்று பெரிய மாமா ஏதோ சொல்வார். நூஹுவின் உம்மாவுக்கு அண்ணன். சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொல்வார். அதனாலதான் அது என்ன செய்தது என்பது நூஹுவுக்கு மறந்துபோயிற்று. ஹாங்காங்கில் இருந்த வருஷங்களிலும் முதல் பாதி மட்டும் எப்போதாவது வந்து காதில் நிற்கும்.

காயல்பட்டினத்தில் அவர் பிறந்த வீடு நீளமானது. முன்வாசல் தெருவைப் பார்க்கும்; யாராவது தட்டினால்தான் திறக்கும். ஆண்கள் வரும் வழி அது. பின்வாசல் பெண்கள் நடக்கும் முடுக்குச் சந்தில் திறக்கும். அந்த வீட்டு வரிசையில் பகலில் யாரும் பின்வாசலைச் சாத்துவதில்லை. சாத்தினால் அடுத்த வீட்டோடு ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். சின்ன வயதில் நூஹு தெருவில் கால் படாமலே வீடு வீடாகப் புகுந்து ஓடியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டாலும் வாசனை சொல்லிவிடும்: இது மசாலா வறுக்கும் வீடு, இது அத்தர் வீடு, இது நனைந்த பாய் வீடு. மீசை அரும்பத் தொடங்கிய சமயம் அடுத்த வீட்டு பல்கீஸ் மாமி ஒருநாள் அவர் தலையைத் தடவி, "இனிமே தெருப்பக்கமா வரணும், என்ன?" என்றார். அத்தோடு அந்த ஓட்டம் நின்றது.

வீடு இப்போது அவருடைய அக்கா ஜுலைஹா லாத்தாவுடையது. அந்த ஊரில் வீடு பெண்மக்களுக்குத்தான். கணவரின் முழங்கால் ஆபரேஷனுக்காக லாத்தா சென்னைக்குப் போனபோது, ஊர் திரும்பியிருந்த தம்பியிடம் சாவியைக் கொடுத்தார். கூடவே சாமான் அறையில் வீட்டுப் பூனை சாம்பி ஈன்றிருந்த மூன்று குட்டிகளையும் ஒப்படைத்தார்.

"தம்பி, நான் வர்ற வரைக்கும் அந்த அறைக் கதவைத் திறந்து போட்டுடாதே. போன தடவை ஈன்ற குட்டிங்கள எளசுலேயே வெளிய விட்டுட்டேன். ஒண்ணுகூட மிஞ்சல. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

"சரி லாத்தா."

"சும்மா தலையாட்டாதே. வாக்குக் கொடு."

கொடுத்தார்.

மச்சானுக்குக் கால் ஆறவில்லை; லாத்தாவின் வரவு தள்ளிக்கொண்டே போனது. குட்டிகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பெட்டியைத் தாண்டிக் குதித்தன. மலம் கழிக்க மூலையில் வைத்த மண் தட்டைத் தாமாகவே பழகிக்கொண்டன. பால் குடிப்பதைக் குறைத்து மீன் பிசைந்த சோற்றுக்குச் சண்டை போட்டன. கறுப்புக் குட்டி மட்டும் நூஹு சோற்றுத் தட்டை உள்ளே தள்ளும்போதெல்லாம் முதுகை வளைத்துச் சீறியது. கதவிடுக்கில் வந்துபோகும் ஒரு கை, அவ்வளவுதான் அதற்கு மனிதர்.

ஒருநாள் மத்தியானம் பல்கீஸ் மாமி ஆணக் குழம்புச் சட்டியோடு முடுக்கு வழியாக வந்தார். அடுக்களையில் நின்று கதவுக்குப் பின்னிருந்த பிறாண்டலைக் கேட்டார்.

"ஏண்டா நூஹு, பூனைக்குட்டி வளர்க்கிறியா, ஊறுகாய் போட்டு வச்சிருக்கியா?"

"லாத்தாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன் மாமி. போன தடவை எளசுல விட்டு எல்லாம் போயிடுச்சாமே."

"எளசா? யாரு சொன்னா? நல்லா ஓடுற வயசு. உங்க பின்வாசல்ல பூந்து, எங்க வீட்ல சோத்தைத் தின்னுட்டு, அப்படியே தெருவுக்குப் பாஞ்சுச்சுங்க. அங்கதான் ஆட்டோல அடிபட்டுச்சு. உங்க லாத்தா ரெண்டு நாள் சாப்பிடல." மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "அதுக்காக அடைச்சு வச்சா ஆச்சா? திறந்து விடு. எங்க வீட்டுக்குத்தானே வரும், வரட்டும்."

அன்று சாயங்காலமே சாம்பி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. கறுப்புக் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு அரிசி மூட்டைமேல் ஏறி, அங்கிருந்து தான் வழக்கமாக வெளியே போய்வரும் சுவரின் காற்றுத் துளைக்குத் தாவியது. குட்டி கனத்துவிட்டிருந்தது. பாதியிலேயே வாயிலிருந்து நழுவியது. சத்தம் கேட்டு நூஹு ஓடிவந்தபோது குட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சாம்பி அதை நக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி காற்றுத் துளையை அண்ணாந்து பார்த்தது.

நூஹு லாத்தாவுக்குப் போன் போட்டுக் கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி," என்றார் லாத்தா. "வேண்டாம். நான் வந்துடுறேன்." எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது சொல்லுங்கள். அறையைச் சாத்தியே வை என்கிறார் ஒருமுறை இழந்தவர். எல்லாவற்றையும் திறந்துவிடு என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். நீங்கள் செய்யாவிட்டால் நானே கொண்டுபோகிறேன் என்கிறது தாய். இந்த மூவரில் யார் சொல்வது சரி? குட்டிகளை வீட்டில் உலவவிட வேளை வந்துவிட்டதா?

விடை இதுதான். வேளை வந்துவிட்டது; மண் தட்டும் மீன் சோறும் அதைச் சொல்கின்றன. இன்னும் அடைத்து வைத்தால் மனிதரைக் கண்டு சீறுவதே குட்டிக்குக் குணமாகிவிடும். அந்த அளவில் மாமியும் சாம்பியும் சொல்வது சரி. ஆனால் போன தடவை ஈன்ற குட்டிகளைக் கொன்றது அவற்றின் வயது இல்லை. அவை எளசாக இருந்ததாக லாத்தா நம்பிக்கொண்டிருக்கிறார். நன்றாக ஓடக்கூடியவை ஆனதால்தான் தெருவரை போயின. குட்டிகள் தயாராகத்தான் இருந்தன, வீடுதான் தயாராக இல்லை. சாத்த வேண்டிய கதவை விட்டுவிட்டு வேறொரு கதவைச் சாத்தச் சொல்லியிருந்தார் லாத்தா. அந்த வரிசையில் பிறந்த யாருக்கும் பின்வாசல் ஒரு கதவாகக் கண்ணில் படாது.

மறுநாள் காலை நூஹு லாத்தாவிடம் போனில், "வாக்கைத் திருப்பிக் கொடுத்துடுறேன் லாத்தா," என்று சொல்லி, போன தடவைக் குட்டிகள் பின்வாசல் வழியாகப் போனதையும் விளக்கினார். தெருவழியாகச் சுற்றிப் போய் பல்கீஸ் மாமியின் முன்வாசலைத் தட்டி, கொஞ்ச நாளைக்குப் பின்வாசலைத் தாழ் போடப்போவதாகவும், அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை என்றும் கூறினார். வீட்டுக்கு வந்து துருவேறிய தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு இழுத்துப் போட்டார். அதன்பின் சாமான் அறையின் கதவை விரியத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.