அறுபது சொம்பு நன்றி

ஊராட்சித் தலைவர் வையாபுரிக்கு யாராவது நன்றி சொன்னால் போதும், சாப்பாடே வேண்டாம். வடக்குத் தெருவில் குழாய் பதித்து ஆறு மாதம் ஆகியும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்கும் நன்றி வேண்டுமாம் அவருக்கு!

குப்பை வண்டி ஓட்டும் செல்லக்கிளியைக் கூப்பிட்டார். ஊர்ச் செய்தியெல்லாம் அவள் வண்டி மைக்கில்தான் அறிவிப்பாள்.

"நாளைக்குக் கிராம சபைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. வடக்குத் தெருவே வந்து தண்ணிக்காக எனக்கு நன்றி சொல்லணும். ஒருத்தர் புகார் சொன்னாலும் உனக்கு வேலை கிடையாது."

"ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க தலைவரே" என்றாள் செல்லக்கிளி.

நேரே வடக்குத் தெருவுக்கு வண்டியை விட்டாள். "நாளைக்கு எல்லாரும் கிராம சபைக்கு வாங்க. யாரும் புகார் சொல்லக் கூடாது. வர்ற அதிகாரிக்கு உங்க குழாய்த் தண்ணியை ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்து, தலைவருக்கு நன்றி சொல்லுங்க. குழாயில எவ்வளவு வருதோ அவ்வளவு போதும்!"

மறுநாள் அறுபது பேர் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவராக அதிகாரியிடம் சொம்பை நீட்டி, "தலைவருக்கு நன்றிங்க" என்று கும்பிட்டார்கள். அதிகாரி முதல் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பத்தாவது சொம்பிலேயே எழுந்துவிட்டார். "வாங்க, அந்தக் குழாயைக் காட்டுங்க" என்று தலைவரைக் கையோடு கூட்டிப் போனார்.

ஒரே வாரத்தில் தண்ணீர் கொட்டியது. தெருக்காரர்கள் முதல் சொம்பைச் செல்லக்கிளியிடம் கொடுத்தார்கள். அவள் அதை அப்படியே கொண்டுபோய்த் தலைவரிடம் நீட்டினாள்.

"குடிங்க தலைவரே. நீங்க மட்டும் நன்றி கேட்காம இருந்திருந்தா எங்களுக்குத் தண்ணி ஏது? இப்ப மனசாரச் சொல்றோம், நன்றிங்க!"